சின்ன முகங்களுக்கு அறுநூறு புள்ளி

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஏதோ ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய பிலிம் நெகட்டிவ்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை தொடங்கப் போகிறார்களாம். "மேடம், ஸ்கேனர்ல ரெசல்யூஷன் எவ்ளோ வைக்கணும்? ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள். சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

நம்பரைத் தெரிந்துகொள்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. எந்தப் படத்துக்கு அந்த நம்பர், எந்தப் படத்துக்கு அதைவிடக் கம்மி என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். அதை அவள் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்விக்குத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மெஹருன்னிசா. பிறந்ததும் வளர்ந்ததும் வேலை பார்த்ததும் திருவண்ணாமலையில்தான். அத்தா பஜாரில் வளையல் வியாபாரம் செய்தார். நான் படித்து முடித்த சமயத்தில், மாவட்டத்து ஊர்களையும் கோயில்களையும் தொழில்களையும் படமெடுத்துச் சேர்த்து வைக்கிற ஒரு காப்பக நிறுவனம் இங்கே இருந்தது. அதில் இருட்டறை உதவியாளர் வேலை கிடைத்தது. பிலிம் கழுவ, பிரிண்ட் போட, நெகட்டிவை விரல் படாமல் ஓரத்தில் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். கைவிரல்களில் ரசாயனம் பட்டுத் தோல் உரிந்து, உரிந்து, பிறகு பழகிவிட்டது. கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் கற்றுக்கொண்டேன். இருட்டறையை மூடியபோது நான் வருத்தப்படவில்லை. அந்த நாற்றத்தை விட்டு வெளியே வந்ததில் சந்தோஷம்தான்.

நிறுவனத்தின் படங்களில் முக்கால்வாசியை எடுத்தவர் ராஜமாணிக்கம் அண்ணன். ஒரு மொபெட்டில் செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் என்று சுற்றிக்கொண்டே இருப்பார். கோபுரத்தை எடுக்கச் சொன்னால் கோபுரத்தை எடுப்பார். அங்கே பூ விற்கிறவளையும் சேர்த்து எடுப்பார். அவர் இறந்தபோது அவருடைய நெகட்டிவ்கள் நாலு இரும்பு அலமாரி நிறைய இருந்தன. அந்த அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நம்மூர்ச் சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நின்றால் தெரியும். பிலிம் மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தது. கெடுகிற பிலிமிலிருந்து வினிகர் நெடி வரும். கதவைத் திறந்தால் கண் எரியும்.

அப்போதுதான் ஸ்கேனர் வாங்க நிதி வந்தது. நிதியோடு கருணாகரன் சாரும் இயக்குநராக வந்தார்.

கருணாகரன் சாரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யார் அறைக்குள் போனாலும் முதலில் டீ சொல்வார். டீ வரும்வரை வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பார். ரம்ஜானுக்கு மறக்காமல் வாழ்த்துச் சொல்வார். நாம் சொல்வதைத் தலையாட்டிக்கொண்டே கேட்பார். நடுவில் குறுக்கிடவே மாட்டார். முடிந்ததும் "ரொம்ப நல்ல பாயிண்ட் மெஹரும்மா" என்பார். அந்த வார்த்தை வந்துவிட்டால் காரியம் நடக்காது என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. திட்டுகிற அதிகாரியிடம் சண்டை போடலாம். பாராட்டுகிறவரிடம் என்ன செய்வது?

ஸ்கேனர் வந்ததும் சோதனை செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார். எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், யாருக்காவது பயன்படட்டும். ஸ்கேனர் பெட்டியின் மேல் போட்டிருக்கும் பெரிய நம்பரை நம்பக் கூடாது. அது விற்பதற்காகப் போட்ட நம்பர். உங்களிடம் இருப்பதிலேயே பொடிப்பொடியான விவரம் உள்ள ஒரு நெகட்டிவை எடுங்கள். பருத்திக் கையுறை போட்டு, ரப்பர் பல்பால் தூசியை ஊதி, மங்கலான பக்கம் எது பளபளப்பான பக்கம் எது என்று பார்த்துச் சட்டத்தில் பொருத்துங்கள். அதையே ஒவ்வொரு அளவிலும் ஸ்கேன் செய்து, ஒரே இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏதோ ஓர் அளவுக்கு மேல் புதிதாக எதுவும் தெரியாது. பிலிமில் இருக்கிற வெள்ளித் துகள்கள்தான் பெரிதாகிக்கொண்டே போகும். அங்கே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் நம்பர்.

நான் எடுத்துக்கொண்டது ஒரு பௌர்ணமி கிரிவலப் படம். அடி அண்ணாமலை பக்கம் ஒரு மாடியிலிருந்து ராஜமாணிக்கம் அண்ணன் எடுத்தது. சாலை முழுக்கத் தலைகள். ஓர் அங்குலத்துக்கு அறுநூறு புள்ளி வைத்தால் கூட்டம் கொட்டிய கடுகு மாதிரி இருந்தது. மூவாயிரத்து இருநூறு வைத்ததும் கடுகெல்லாம் ஆட்களாகிவிட்டன. ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். அதற்கு மேல் வைத்தபோது புதிதாக எதுவும் வரவில்லை. மூவாயிரத்து இருநூறு என்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சார் கூட்டம் போட்டார். இரண்டு ஸ்கேனையும் புரொஜக்டரில் சுவரில் காட்டினார். முதலில் அறுநூறு, பிறகு மூவாயிரத்து இருநூறு.

"வித்தியாசம் தெரியுதுங்களா?" என்று எல்லோரையும் கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. தெரியாது, புரொஜக்டரால் அவ்வளவுதான் காட்ட முடியும்.

"சார், பெருசாக்கிப் பாத்தாதான் தெரியும்" என்றேன்.

"யாரும்மா பெருசாக்கிப் பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. நல்ல அளவில் ஒரு படம் ஸ்கேன் ஆக நாலைந்து நிமிஷம் பிடிக்கும். அறுநூறு என்றால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். நாலு அலமாரியையும் நல்ல அளவில் போட வருஷக்கணக்காகும். நிதி கொடுத்தவர்கள் சீக்கிரமே திறப்பு விழா வேண்டும் என்றார்கள். ஹார்ட் டிஸ்க் வாங்கவும் பணம் கம்மி. ஆகவே படங்களை இரண்டாகப் பிரித்தார். முதல் பிரிவு: கோபுரம், தேர், தீபம், கல்வெட்டு, பிரமுகர்கள், அதிகாரிகள் வந்துபோன நிகழ்ச்சிகள். இவற்றுக்கு மூவாயிரத்து இருநூறு. இரண்டாம் பிரிவு: 'பொது'. கிராமம், கூட்டம், வேலை செய்கிறவர்கள், குரூப் போட்டோக்கள். இவற்றுக்கு அறுநூறு.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் அறைக்குப் போனேன். டீ வந்தது.

"சார், இது தலைகீழா இருக்கு" என்றேன். "அதிகாரி படத்துல மூஞ்சியே பாதிப் படம். அதுக்குக் கம்மியா வெச்சாலும் ஆளு தெரியும். குரூப் போட்டோல ஒரு மூஞ்சி மொளகு அளவுதான் இருக்கு. அதுக்குத்தான் ஜாஸ்தி வேணும். கோபுரம் எங்கயும் போவாது சார். நாளைக்குக்கூட எடுத்துக்கலாம். இந்த ஜனங்கள்ல பாதிப் பேரு இப்பவே இல்ல."

முழுக்கக் கேட்டார். "ரொம்ப நல்ல பாயிண்ட் மெஹரும்மா. மினிட்ஸ்ல ஏத்திடறேன்" என்றார். நிஜமாகவே ஏற்றினார். பிறகு சொன்னார்: "நீங்க ஏன் கவலப்படறீங்க? நெகட்டிவ் நம்மகிட்டயேதான இருக்கப் போவுது? யாருக்காவது ஏதாவது வேணும்னா அதை மட்டும் திரும்பப் பெருசா போட்டுக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் வேலையைச் செய்தேன். பொதுப் பிரிவை ஓட்டித் தள்ளினேன். நாத்து நடுகிற பெண்கள், கல் உடைக்கிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் அறுநூறில் போனார்கள். ஓர் அமைச்சர் ரிப்பன் வெட்டுகிற படத்தை மூவாயிரத்து இருநூறில் போட்டேன். கத்தரிக்கோலில் இருந்த கம்பெனி முத்திரை வரைக்கும் படிக்க முடிந்தது.

திறப்பு விழா நன்றாக நடந்தது. சாருக்குச் சால்வை போட்டார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிருக்கும். வினிகர் நெடி பக்கத்து நூலகம் வரை வந்துவிட்டது. படிக்க வருகிறவர்கள் புகார் சொன்னார்கள். அந்த அறை இருந்த இடத்தில் கண்காட்சிக் கூடம் கட்டவும் திட்டம் வந்திருந்தது. ஒருநாள் வேலைக்குப் போனால் வாசலில் மினி வேன் நிற்கிறது. ஆஸ்பத்திரிகளில் பழைய எக்ஸ்ரே பிலிம் வாங்கி, எரித்து வெள்ளி எடுக்கிற வியாபாரி ஒருவர் வந்திருந்தார். அலமாரி அலமாரியாகச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

நேராகச் சார் அறைக்குப் போனேன். அன்றைக்கு டீ வரும்வரை காத்திருக்கவில்லை.

"ஒரிஜினல் நம்மகிட்டயே இருக்கும்னு சொன்னீங்களே சார்?"

"டிஜிட்டல் பண்ணியாச்சே மெஹரும்மா. இனிமே அதுதான் ஒரிஜினல்."

"அறுநூறு சார் அது."

"கெட்டுப்போன பிலிம்மா. நம்ம ஸ்டாஃப்தான மூச்சு விடணும் அந்த ரூம்ல? உங்க நல்லதுக்குந்தான் சொல்றேன்." பிறகு குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டார். "உங்களுக்கு இதெல்லாம் எவ்ளோ பாசம்னு எனக்குத் தெரியும். ஞாபகத்துக்கு ரெண்டு மூணு எடுத்து வெச்சிக்கோங்க."

நான் எதையும் எடுக்கவில்லை. ஆயிரக்கணக்கான பேரில் எந்த இரண்டு மூன்று பேரை எடுப்பது? வேன் போன பிறகு தரையில் கிடந்த துண்டுகளைப் பெருக்குகிற அம்மா வாரிக்கொண்டு போனார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு செல்வி வந்தாள். கீழ்பென்னாத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிற பெண். கூட அவள் அம்மா பச்சையம்மா. இருளர் குடும்பம். செல்வி கைக்குழந்தையாக இருந்தபோது அவள் அப்பாவும் அம்மாவும் ஒரு ரைஸ் மில்லில் கொத்தடிமையாக இருந்திருக்கிறார்கள். வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு உள்ளேயே அடைபட்டு, நெல் அவித்துக் காயவைக்கிற வேலை. அதிகாரிகள் வந்து எல்லோரையும் மீட்டபோது ராஜமாணிக்கம் அண்ணன் போய்ப் படம் எடுத்திருக்கிறார். அடுத்த வருஷமே அவள் அப்பா ஏழுமலை நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். இருந்த காலத்தில் அவர் வேறு எந்தப் போட்டோவிலும் நின்றதில்லை.

"எல்லார் வூட்லயும் படத்துக்கு முன்னாடி படையல் போடறாங்க மேடம். நாங்க வெறும் செவுத்துக்கு முன்னாடி போடறோம்" என்றாள் செல்வி. "அன்னிக்கு ஒருத்தரு எல்லாரயும் நிக்க வெச்சிப் போட்டோ புடிச்சாருனு அம்மா சொல்லும். அது இங்க இருக்கும்னு ஒரு சார் சொன்னாரு. அப்பாவ எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத்தான் அடையாளம் தெரியும். அதுக்குக் கண்ணு ஆபரேசன் முடிஞ்சதும் இட்டுனு வந்தேன்."

தேடினேன். சீக்கிரமே கிடைத்தது. ரைஸ் மில் களத்தில் மூன்று வரிசையாக ஜனங்கள் நிற்கிறார்கள். திரையில் அது வந்ததுமே எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பச்சையம்மா நாற்காலியில் உட்காரவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

"தோ, தோ. அந்தாண்டக் கோடியில தலைய சாச்சிகினு நிக்குறாரு பாரு. அவருதான். நெஞ்சு வலின்னா அப்பிடித்தான் சாச்சிகினு நிப்பாரு."

"மூஞ்சி தெரியலம்மா" என்றாள் செல்வி. "மேடம், கொஞ்சம் பெருசு பண்ணுங்க."

பெரிதாக்கினேன். மனிதன் போய்க் கட்டங்கள் வந்தன. கறுப்புக் கட்டம், சாம்பல் கட்டம், நடுவில் இரண்டு கறுப்புப் பொட்டு. அவை கண்ணாக இருக்கலாம்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டாங்கம்மா" என்றார் பச்சையம்மா.

"இதுக்கு மேல வராதும்மா."

"வேலை செய்யற எடத்துல நான் மைக்ரோஸ்கோப்ல ரத்தத்தப் பாக்கறேன் மேடம்" என்றாள் செல்வி. "கண்ணுக்கே தெரியாதத எல்லாம் பாக்கறோம். ஒரு ஆளு மூஞ்சி எப்பிடி மேடம் தெரியாம பூடும்?"

என்னால் பதில் சொல்ல முடிந்தது. ஒவ்வொரு புள்ளியாகக் கணக்குப் போட்டு விளக்க முடிந்தது. அந்த முகத்துக்குக் குறுக்கே பன்னிரண்டு பதிமூன்று புள்ளிகள்தான் இருந்தன. அறுபத்தைந்தாவது இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

"நெகட்டிவ் இருக்குமா மேடம்? அத வெச்சித் திரும்ப எடுக்க முடியாதா?"

"இல்லம்மா. அதெல்லாம் இப்ப இல்ல."

அவர்களை அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. அதே நாள் எடுத்த வேறு படங்கள் முதல் பிரிவில் இருக்கின்றனவா என்று தேடினேன். ஒன்று இருந்தது. மீட்பு நடத்திய அதிகாரி, ஓர் ஆளிடம் சான்றிதழ் கொடுக்கிறார். மூவாயிரத்து இருநூறு. அதிகாரியின் மீசையை ஒவ்வொரு மயிராக எண்ணலாம். சட்டைப் பையில் இருந்த பேனாவின் கிளிப் மின்னுகிறது. சான்றிதழ் வாங்குகிறவர் ஏழுமலை இல்லை. ஆனால் படத்தின் வலது ஓரத்தில், அடுத்து வரிசையில் நிற்கிற யாரோ ஒருவருடைய கை மட்டும் வந்திருந்தது. முழங்கைக்கு மேலே படம் முடிந்துவிட்டது. அந்தக் கையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்க வேண்டும். அதன் ஒரு கால் மட்டும் தெரிந்தது. உள்ளங்கை அந்தப் பாதத்தைத் தாங்கிப் பிடித்திருந்தது.

நான் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். கட்டங்கள் வரவில்லை. கைதான் வந்தது. நகத்து அழுக்கு, முட்டியில் காய்ப்பு, நெல் அவிக்கிற ஆவி பட்டு வெந்து ஆறின தழும்பு. நடுவிரல் பாதியோடு நின்றிருந்தது.

பச்சையம்மா சத்தம் போட்டு அழவில்லை. திரையில் அந்த விரலின் மேல் தன் விரலை வைத்தார்.

"மில்லு பெல்ட்டுல போன வெரலு. நாந்தான் துணி சுத்துனேன்."

பிறகு விரலைக் கீழே நகர்த்தினார். குழந்தையின் கணுக்காலில் ஒரு கறுப்புக் கயிறு கட்டியிருந்தது.

"இது நீதான்டி" என்றார் மகளிடம்.

செல்வி படம் முடிகிற ஓரத்தில் விரல் வைத்தாள். பிறகு, "மேல கொஞ்சம்... இன்னும் மேல இல்லீங்களா மேடம்?" என்று கேட்டாள். ஸ்கேன் செய்யும்போது நெகட்டிவைப் பிடிக்கிற சட்டம் ஓரத்தில் ஒரு மயிரிழை மறைக்கும். அந்த மயிரிழைக்குள் ஒரு முகம் இருந்திருக்காது. தோள்பட்டை வேண்டுமானால் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம். இருந்தாலும் அதையும் நினைத்துப் பார்த்தேன்.

"அந்த ஆபீசர எடுத்துடுங்க. கை மட்டும் போதும்" என்றாள்.

வெட்டி எடுத்துப் பிரிண்ட் போட்டேன். அந்த அதிகாரிக்குக் கொடுத்த புள்ளிகளில் ஓரமாய்ச் சிந்தியது அது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கருணாகரன் சார் உள்ளே வந்தார். ஓய்வுக்குப் பிறகும் அவரை ஆலோசகராக வைத்திருந்தார்கள். விவரம் கேட்டார். டீ சொன்னார். பச்சையம்மாவை "உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் கண்கள் நிஜமாகவே கலங்கின. அதை நான் மறைக்க மாட்டேன்.

"பாத்தீங்களா மெஹரும்மா, நம்ம காப்பகம் ஒரு குடும்பத்துக்கு எவ்ளோ பெரிய காரியம் பண்ணியிருக்கு" என்றார். "ஆண்டு மலர்ல இதைப் போடணும். அம்மா, அந்தப் போட்டோவ இப்பிடிப் புடிச்சிகிட்டு என் பக்கத்துல நில்லுங்க."

பச்சையம்மா எழுந்து நின்றார். சொன்ன இடத்தில், சொன்னபடி. மகள் கையிலிருந்து போட்டோவை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"வாம்மா, போலாம்" என்றாள் செல்வி.

"இருடி. சாரு சொல்றாரில்ல."

"சார், இந்தம்மாவோட வீட்டுக்காரர் மூஞ்சி இருந்த படம் உங்க பொதுப் பிரிவுலதான் இருந்துது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் அன்னிக்கு வந்து சொன்னேன். நீங்க மினிட்ஸ்ல ஏத்துனீங்க."

சார் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "அன்னிக்கு இருந்த வசதி அவ்ளோதானம்மா. நீங்க சொன்னது ரொம்ப நல்ல பாயிண்ட். அடுத்த ப்ராஜக்ட்ல கண்டிப்பா பாப்போம்" என்றார். தன் செல்போனை அலுவலகப் பையனிடம் நீட்டினார். அவன் இரண்டு மூன்று படம் எடுத்தான். நான் ஃபிரேமுக்கு வெளியே நின்றிருந்தேன். செல்வி வாசலுக்குப் போய்விட்டிருந்தாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஆண்டு மலர் தபாலில் வந்தது. நடுப்பக்கத்தில் அந்தப் படம். நல்ல செல்போன், பச்சையம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கம் விடாமல் தெரிந்தது. கையில் பிடித்திருந்த போட்டோ மட்டும் வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் தெரிந்தது. கீழே இப்படிப் போட்டிருந்தார்கள்: 'காப்பகத்தின் பயனாளி ஒருவருடன் ஆலோசகர் திரு. கருணாகரன்.'

செல்வி வீட்டுக்கு மலர் அனுப்பவில்லை போலிருக்கிறது. யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் போன் வந்தது. பேசியது பச்சையம்மா.

"எம்மா, நல்லாக்கீறியா? என் போட்டோ பொஸ்தகத்துல வந்துக்குதாமே?"

"ஆமாம்மா. வந்திருக்கு. நல்லா இருக்கீங்க படத்துல."

"எம்பேரு போட்டுக்குதா அதுல? அவரு பேரு?"

"போட்டிருக்கும்மா" என்றேன். "ரெண்டு பேரு பேரும் போட்டிருக்கு."